நினைவில் நிற்பது குரலா, தமிழா?
டி.எம்.சௌந்தரராஜன் பாடல்களும் நம் நேயர்களும்

பாடகர் ஒருவரைப் பற்றி இரசிகர்கள் கொண்டுள்ள நினைவுகளைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். பாட்டைத் திறனாயலாம்; பாடியவரின் கலையையும் திறனாயலாம்; கேட்டவர் நெஞ்சில் எஞ்சி நிற்பதை எந்த அளவுகோலால் அளப்பது என்று அவர்கள் கேட்பர். ஆயினும், மலேசியத் தமிழரின் தமிழறிவு எவ்வெவ் வழிகளில் உருவாகி வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர், பள்ளியையும் கோயிலையும் அடுத்து வானொலிப் பெட்டியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அப்பெட்டியில் ஒரு தலைமுறைக் காலம் ஓயாது ஒலித்த ஆண்குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. எழுத்தறியாதவர் பலருக்கு அக்குரலே செய்யுளும் உரையும் ஆயிற்று. ஆகவே, அக்குரலைப் பற்றிய நினைவுகளை ஆராய்வது நம் மக்களின் மொழியுணர்வை ஆராய்வதே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வட்டாரத்துப் பொது மண்டபம் ஒன்றில் அப்பாடகரின் நினைவாக ஓர் இசைமாலை நடைபெற்றது. வந்திருந்தோருள் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பால்மரம் வெட்டியவர், லாரி ஓட்டியவர், துறைமுகத்தில் சுமை தூக்கியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பல திறத்தினரும் இருந்தனர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் ஒருவர் எழுந்து தம் நினைவைப் பகிர்ந்துகொண்டார். தம் திருமணத்தன்று பந்தலில் ஒலிபெருக்கி இப்பாட்டைத்தான் பாடியது என்றார் ஒருவர். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் போகக் கையில் காசில்லாத ஆண்டில், 'பாசமலர்' பாட்டு வந்ததும் வானொலியை அடைத்துவிட்டதாகச் சொன்ன மற்றொருவர், மேலே பேச முடியாமல் அமர்ந்துவிட்டார். நிறைவாகப் பேசிய அன்பர், தமிழை அவரைப்போல உச்சரித்தவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது, நானும் தட்டினேன்.

தேநீர் வேளையில் அவ்வன்பரிடம், "ஐயா, எந்தப் பாட்டில் எந்த எழுத்தை அப்படி உச்சரித்தார் என்று ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டேன். குறை காணும் எண்ணத்தோடு கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலாலேயே கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "வாத்தியாருக்கு எங்கே போனாலும் சோதனைதான்" என்று சொல்லிவிட்டு அகன்றார். என் வினா அவரைப் புண்படுத்திவிட்டது. ஆனால், அவ்வினா தவறானதன்று என்று இன்றும் எண்ணுகிறேன். அன்று கிடைக்காத விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பாடகரின் வரலாறு

விரிவான வரலாறு இங்கு வேண்டுவதில்லை; நம் ஆராய்ச்சிக்குத் தேவையானவற்றை மட்டும் காண்போம். சௌந்தரராஜன் 1922ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் மதுரையில் பிறந்தார். அவர் வீட்டில் வழங்கிய மொழி சௌராட்டிரம். முறையாகக் கருநாடக இசை பயின்று, மேடைகளில் பாடி, பின்னரே திரைக்கு வந்தார். 1950ஆம் ஆண்டு வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' அவருடைய முதற்படம். அக்காலத்தில் அவர் எம்.கே.தியாகராஜ பாகவதரின் பாணியை அடியொற்றிப் பாடினார். 1954ஆம் ஆண்டு அவருக்குத் திருப்புமுனை ஆயிற்று. ஜி.இராமநாதன் இசையில் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் அவ்வாண்டில் பாடினார். அதற்குமுன், 1952ஆம் ஆண்டின் 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964) ஆகிய படங்களில் அவரே நடித்தும் பாடினார். 2003ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2010ஆம் ஆண்டில் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கென ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த பாடலில், எண்பத்தெட்டு வயதில் அவர் குரல் ஒலித்தது. 2013ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் அடிக்கோடிட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாக நாம் போற்றும் ஒருவருக்குத் தமிழ் வீட்டுமொழி அன்று என்பதே அது. பி.சுசீலாவுக்கும் பி.பி.ஸ்ரீநிவாசுக்கும் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் இவர்கள் வாயில் தமிழ் பழுதின்றி வழங்கியது. பிறப்பால் வருவதன்று செம்மையான ஒலிப்பு, பயிற்சியால் வருவது. வீட்டில் மலாயும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை வகுப்பில் வைத்துக்கொண்டு, இவர்களுக்கு ழகரம் வராது என்று கைவிட்டுவிடும் நம்மவர்க்கு இச்செய்தி உறைத்தல் வேண்டும். நினைவு விழாக்களில் இதனை எவரும் சொல்வதில்லை. தெய்வம் தந்த குரல் என்று சொல்லி, அவர் பட்ட உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம்.

மூவகை நினைவுகள்

நேயர்களின் நினைவுகளைக் கூர்ந்து நோக்கினால் அவை மூன்று வகைப்படும் எனலாம்.

முதல்வகை, நடிகர்வழி வரும் நினைவு. பாட்டைச் சொன்னதும் நேயரின் கண்முன் நிற்பவர் சிவாஜியோ எம்.ஜி.ஆரோ ஆவார். இரண்டாம்வகை, வாழ்க்கைவழி வரும் நினைவு. திருமணமும் பிரிவும் இழவும் பாட்டோடு பின்னிக்கிடக்கின்றன. மேலே குறித்த தங்கையின் நினைவு இவ்வகையினது. மூன்றாம்வகை, மொழிவழி வரும் நினைவு. ஒரு சொல்லின் ஒலி, ஒரு தொடரின் நிறுத்தம், ஓர் எழுத்தின் நீட்சி ஆகியவை காதில் நிற்பது.

முதல் இரண்டையும் இழிவாகக் கருதுதல் முறையன்று. பாட்டு மக்களுக்குரியது; அதனை அவர்கள் தம் வாழ்வோடு இணைத்துக்கொள்வது இயல்பே. எனினும், அவ்விரண்டிலும் குரல் ஒரு கருவியாக மட்டுமே நிற்கிறது. முன்னதில் அது நடிகரைச் சுமக்கிறது. பின்னதில் கேட்பவரின் இன்பதுன்பத்தைச் சுமக்கிறது. பாடியவருக்கே உரிய கலை மூன்றாம்வகையிலேதான் வெளிப்படுகிறது. அவ்வகை நினைவு நம்மிடம் உண்டு. ஆனால், அதனை எடுத்துச் சொல்லும் சொற்கள் நம்மிடம் இல்லை. அதனாலேயே 'முன்னும் இல்லை, பின்னும் இல்லை' என்னும் மொத்தப் புகழ்ச்சியில் இறங்கிவிடுகிறோம்.

இரு குரல் என்னும் கூற்று

நேயர்கள் தவறாது கூறும் புகழுரை ஒன்றுண்டு. சிவாஜிக்கு ஒரு குரலும் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலுமாக அவர் மாற்றிப் பாடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாருக்கான பாட்டு என்று சொல்லிவிடலாம் என்பர்.

இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சிவாஜிக்கான துயரப் பாடல்களில் குரல் நெஞ்சின் ஆழத்திலிருந்து எழும், சொல்லுக்குச் சொல் நிறுத்தம் மிகும், தழுதழுப்பும் உண்டு. எம்.ஜி.ஆருக்கான கொள்கைப் பாடல்களில் குரல் மேலெழுந்து முன்னோக்கி வரும். சொற்கள் துள்ளலோடு தொடரும். ஆனால், இவ்வேற்றுமை முழுவதையும் பாடகர் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் எழுதிய விழிப்புணர்வுப் பாடல், தன் சொல்லமைப்பிலேயே நிமிர்ந்து நிற்கிறது. அதனை யார் பாடினாலும் தளர்ந்து பாட முடியாது. அதுபோலவே 'பாசமல'ரில் (1961) கண்ணதாசனின் தாலாட்டும் விசுவநாதன் - இராமமூர்த்தியின் மெட்டும் குரலைத் தாமே தணிக்கின்றன. கவிஞரும் இசையமைப்பாளரும் வகுத்த வழியில் பாடகர் நடந்தார் என்பதே உண்மை. வழியறிந்து நடந்தது அவர் பெருமை. வழியையே அவர் அமைத்தார் என்பது நம் மயக்கம்.

இம்மயக்கத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு 'திருவிளையாடல்' (1965). அப்படத்தில் செருக்குற்ற ஏமநாத பாகவதருக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. அவர் செருக்கை அடக்க விறகு சுமந்து வரும் சிவபெருமானுக்குக் குரல் கொடுத்தவர் சௌந்தரராஜன். கருநாடக இசை மேதையையே எங்கள் பாடகர் தோற்கடித்தார் என்று நேயர் சிலர் மகிழ்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். தோற்றது கதைப்பாத்திரம், பாடகர் அல்லர். கதையின் தீர்ப்பை இசையின் தீர்ப்பாகக் கொள்வது, நாடகத்தில் இராவணனாக நடித்தவரைத் தெருவில் கண்டு ஏசுவதற்கு ஒப்பாகும். உண்மையில் அவ்விரு பாடல்களும் இரு வேறு அழகுகள். பாலமுரளியின் பாட்டில் சுரங்களின் வழியே சொல் மிதந்து செல்கிறது. சௌந்தரராஜனின் பாட்டில் சொல்லின் வழியே சுரம் நடக்கிறது. அவருடைய கலை சொல்லை முதலாகக் கொண்டது என்பதற்கு அப்படமே சான்று.

எந்த எழுத்து?

இனி, அன்று நான் கேட்ட வினாவுக்கு வருவோம். அவர் உச்சரிப்பின் சிறப்புத்தான் யாது? பல பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான் குறித்துக்கொண்டவற்றுள் நான்கினை இங்குத் தருகிறேன்.

முதலாவது, லகர ளகர ழகர வேறுபாடு. மெதுவான பாட்டில் இவற்றை வேறுபடுத்துவது எளிது. விரைந்த பாட்டில், ஓர் அடிக்குள்ளேயே மூன்றும் அடுத்தடுத்து வரும்போது, நாவை வளைத்தும் விரித்தும் மாற்றுவது அரிது. அவ்விரைவிலும் அவர் ழகரத்தை ளகரமாக்குவதில்லை. அதே வேளையில் ழகரத்தை மிகைப்படுத்தி உருட்டுவதும் இல்லை.

இரண்டாவது, வல்லினம் மிகும் இடங்கள். சந்தி எழுத்தைப் பலர் பாட்டில் விழுங்கிவிடுவர். அவர் அவ்வொற்றின்மேல் ஒரு நொடி நின்று மேற்செல்வார். இலக்கண நூலில் சூத்திரமாகப் படிப்பதை அங்குக் காதால் கேட்கலாம்.

மூன்றாவது, நீட்டம். இசையில் எழுத்துகள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து ஒலிப்பதும், மெய்யெழுத்துகள் நீண்டிசைப்பதும் உண்டு என்று தொல்காப்பியர் நூன்மரபில் கூறுகிறார். எனவே பாட்டில் நீட்டுதல் பிழையன்று. எதை நீட்டுவது என்பதே கேள்வி. குறிலை நீட்டினால் அது நெடிலாகிப் பொருள் மாறும். சௌந்தரராஜன் பெரும்பாலும் நெடிலில் நீட்டுவார். குறில் வந்தால் அதனைத் தொடரும் மெல்லினத்திலோ இடையினத்திலோ குரலை நிறுத்துவார். ஆதலால் இசைக்காகச் சொல் சிதைவதில்லை.

நான்காவது, மூச்சு. சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் முறியும். சீரும் பொருளும் பிரியும் இடத்திலேயே அவர் மூச்சு வாங்குகிறார். செய்யுளைச் சீர்பிரித்துப் படிக்க மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் இதனினும் நல்ல சான்றினைத் தேட வேண்டியதில்லை.

இவையே அவர் தமிழின் சிறப்பு. இவற்றைச் சொல்லிப் புகழ்ந்தால் அப்புகழ் நிற்கும்.

குறையும் கூறல் வேண்டும்

நிறையை ஆராய்ந்தவர் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். சௌந்தரராஜனின் குரல் வன்மை மிக்கது. அவ்வன்மையே சில இடங்களில் அவருக்குத் தடையாயிற்று. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் அவர் சிவாஜிக்குப் பாடிய பாடல்களையும், ஸ்ரீநிவாஸ் ஜெமினி கணேசனுக்குப் பாடிய காதற்பாடலையும் ஒருங்கே வைத்துக் கேட்டுப் பாருங்கள். கவிஞர் ஒருவரே, இசையமைப்பாளரும் அவர்களே. வாழ்வின் பொருளைச் சொல்லும் இடத்தில் சௌந்தரராஜனுக்கு இணையில்லை. காதலியை மெல்ல வியக்கும் இடத்தில் ஸ்ரீநிவாசின் மென்மை தரும் இதம் தனி. அவ்விடத்துக்கு அக்குரலே பொருந்தும். பிற்காலப் பாடல்கள் சிலவற்றில், சொல் அழுத்தம் வேண்டாத இடத்திலும் சௌந்தரராஜன் அழுத்திவிடுகிறார் என்பதும் என் கருத்து. அவரைப் பின்பற்றிப் பாடும் மேடைப் பாடகர் பலர் அவ்வழுத்தத்தை மட்டும் பற்றிக்கொண்டு, நுட்பத்தை விட்டுவிட்டதும் இதனாலேயே.

இவ்வாறு சொன்னால் நேயர்கள் வருந்துவர். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அவர் பாடிய பாடல்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று எண்ணிக்கை சொல்லி வாதிடுவாரும் உளர். கம்பனின் பெருமை பாட்டின் தொகையால் அமைந்ததன்று. தொகை சொல்வதைவிட, ஒரு பாட்டை எடுத்து அதன் அழகை விளக்குவதே அன்புக்கு அழகு.

என் தந்தையாரின் ழகரம்

இறுதியாக என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. அது எனக்குப் பெருமை தருவதன்று.

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்க அறியாதவர். நம்மவர் பலரையும் போலப் பழத்தைப் 'பளம்' என்றும், கழுத்தைக் 'களுத்து' என்றும் சொல்வார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு முடித்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, உறவினர் கூடியிருந்த பந்தியில் அவரைத் திருத்தினேன். "பளம் இல்லைப்பா, பழம்" என்று சொல்லி, நாவை எப்படி மடக்க வேண்டும் என்றும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் தமிழ் கெட்டது என்றும் அன்று நான் சேர்த்துச் சொன்னதாக நினைவு. அதன்பின் நான் இருக்கும் இடத்தில், வெளியார்முன் அவர் அதிகம் பேசுவதை விட்டுவிட்டார். அதனை நான் உணரவே சில ஆண்டுகள் ஆயின.

பின்னர் ஒருநாள் காலையில், வானொலியில் சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தந்தையார் முகம் மழித்துக்கொண்டே கூடவே பாடினார். அடுத்த அறையில் மாணவர் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்த நான் என்னையறியாமல் கையை நிறுத்தினேன். பாட்டில் வந்த ஒவ்வொரு ழகரமும் அவர் வாயில் பிழையின்றி வந்தது. பல்லாண்டு கேட்ட காதிலிருந்து நாவுக்கு இறங்கிய ழகரம் அது. பாட்டு முடிந்தது. "தம்பி, வாளப்பளம் வாங்கி வெச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ" என்றார். அன்று நான் திருத்தவில்லை. உங்கள் தமிழ் நல்ல தமிழ் அப்பா என்று சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. சொல்லும் காலம் பின்னர் வாய்க்கவும் இல்லை.

இந்நிகழ்ச்சி எனக்கு இரண்டு உண்மைகளை உணர்த்திற்று. எழுத்தறியாத மக்கள் நெஞ்சிலும் செம்மையான தமிழ் பதிந்திருக்கிறது. அதனைப் பதித்தவர் அப்பாடகர். அவ்வாறு பதிந்த தமிழ் பாட்டோடு நின்றுவிடுகிறது. தானாகப் பேச்சுக்கு வருவதில்லை. பாட்டிலிருந்து பேச்சுக்கு அதனைக் கொண்டுவரக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார் ஒருவர் வேண்டும். அது ஆசிரியர் பணி. நானோ என் தந்தையாரைக் கைப்பிடித்து அழைக்க வேண்டிய இடத்தில் தலையில் குட்டிவிட்டேன்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இக்காரணத்தால் சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் ஒரு முறையைக் கையாண்டு வருகிறோம். பழைய பாட்டு ஒன்றின் நான்கு அடிகளை மட்டும் மாணவர்க்கு ஒலிக்கச் செய்வோம். நடிகர் யார், படம் யாது என்று சொல்வதில்லை. முதலில் ல, ள, ழ எத்தனை இடங்களில் வந்தன என்று எண்ணச் சொல்வோம். அடுத்து, பாடகர் மூச்சு வாங்கிய இடங்களில் கோடிடச் சொல்வோம். பின்னர்க் கூடவே பாடச் செய்வோம். நிறைவாக, மெட்டை நீக்கி அவ்வடிகளை உரைநடைபோலப் படிக்கச் செய்வோம். கடைசிப் படியே கடினமானது. பாட்டில் வந்த ழகரம் படிப்பில் நழுவிவிடும். அங்கே பொறுமையாக நின்று திருத்துதல் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உடனே கைகூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், நாவை மடக்கு என்று வெறுமனே சொல்லியபோது விழித்த பிள்ளைகள், கேட்ட ஒலியைத் தேடி நாவை மடக்கிப் பார்க்கிறார்கள்.

நினைவு இசைமாலைகள் இனியும் நடைபெறும், நடைபெற வேண்டும். அங்கே திருமணத்தையும் தங்கையையும் நினைத்துக் கண்கலங்குவோர் கலங்கட்டும். அவர்களோடு, அப்பாட்டை முதன்முறையாகக் கேட்கும் பேரப்பிள்ளைகளும் வந்து அமரட்டும். தாத்தா பாட்டியர் தம் நினைவைச் சொன்னபின், அப்பாட்டின் ஓர் அடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளைகள் அதனைத் திருத்தமாகச் சொல்லும்வரை ஆசிரியர் உடன் இருக்கட்டும். சௌந்தரராஜனுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே எனலாம். என் தந்தையாருக்கு நான் செலுத்தத் தவறிய கடனும் அதுவே.